தகவற் பாதுகாப்புத் தேர்வுகளுள் எதை எழுதுவது?

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்த நம் முன்னோர், தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் பெற்ற சான்றிதழ்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் இரயிலேறினர். அச்சான்றிதழ்கள் மதிப்புப் பெற்றமைக்குக் காரணம் அவற்றில் இடப்பட்ட முத்திரை அன்று. யந்திரத்தின் முன் அமர்த்தினால், தாளிற் கண்டதை அவர்கள் விரல்கள் மெய்ப்பித்தன என்பதே காரணம். இன்று நம் பிள்ளைகளிற் பலர் தகவற் பாதுகாப்புத் துறையை நாடுகின்றனர். அத்துறையிலும் தேர்வுகள் பல. எதனை, எப்பொழுது எழுதுவது என்பது தெளியாமல் இல்லத்தின் சேமிப்பைச் செலவிடுவோர் இருத்தலால், இதனைச் சிறிது ஆராய்வோம்.

இத்துறைக்கு இந்நாட்டில் தேவை வளர்ந்திருப்பது வெறும் விளம்பரம் அன்று. வங்கிகள் இணையப் பாதுகாப்புக்கெனத் தனிக்கொள்கை வகுத்தல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பணித்தது. கணிப்பொறிகளில் ஊறு நேர்ந்தால், அறிந்த 6 மணி நேரத்துள் தெரிவித்தல் வேண்டும் என்று ‘செர்ட்-இன்’ என்னும் மத்திய அரசின் அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. தனிநபர் தரவுகளைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க 2023ஆம் ஆண்டின் சட்டம் வழிவகுத்துள்ளது. ஆதலின் காப்போரும், சோதிப்போரும், தணிக்கை செய்வோரும் வேண்டியவராயினர்.

இம்மூன்றும் வெவ்வேறு தொழில்கள். மாளிகை ஒன்றில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலர் ஒருவர். பூட்டு உறுதியானதா என்று உரிமையாளர் ஒப்புதலோடு அசைத்துப் பார்ப்பவர் ஒருவர். சாவிகள் யார் யாரிடம் உள்ளன என்று ஏட்டைப் புரட்டிக் கேட்பவர் மற்றொருவர். தேர்வைத் தேர்ந்தெடுக்குமுன், இம்மூவருள் யாராக விரும்புகிறோம் என்று துணிதல் வேண்டும்.

கல்லூரியை விட்டு வெளிவந்த இளைஞருக்கு ஏற்றது, காம்ப்டியா நிறுவனத்தின் ‘செக்யூரிட்டி பிளஸ்’ போன்ற அடிப்படைத் தேர்வு. இதனை எழுத முன்னனுபவம் கட்டாயம் அன்று. 90 நிமிடங்களில் அதிக அளவாக 90 வினாக்கள் வரும். எனினும் வலையமைப்பு இன்னதென அறியாதவர் முதலில் அதனைக் கற்றல் நன்று. அடித்தளமின்றி மாடி எழுப்புதல் இயலாது.

பூட்டைச் சோதிக்கும் தொழிலை விரும்புவோர் முன் இரண்டு பெயர்கள் நிற்கும். சி.இ.எச். என்பது 4 மணி நேரத்தில் 125 வினாக்களுக்கு விடை தேர்ந்து குறிக்கும் தேர்வு. ஓ.எஸ்.சி.பி. அத்தகையதன்று. ஏறத்தாழ 24 மணி நேரம், தேர்வுக்கென அமைத்த கணிப்பொறிகளுள் தாமே வழி கண்டு புகுதல் வேண்டும். பின்னர் 24 மணி நேரத்தில் அறிக்கை எழுதித் தருதல் வேண்டும். முன்னது அறிவைக் கேட்கிறது. பின்னது கைத்திறனைக் கேட்கிறது. பின்னதற்குப் பல மாதப் பயிற்சி இன்றியமையாதது.

கணக்கும் தணிக்கையும் பயின்ற குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. அவர்கள் கருதத்தக்கது சி.ஐ.எஸ்.ஏ. ‘ஐசாக்கா’ என்னும் சங்கம் 1978 முதல் இதனை வழங்கி வருகிறது. 4 மணி நேரம், 150 வினாக்கள். இதற்கு நிரலெழுதும் வல்லமையைவிடக் கேள்வி கேட்கும் நிதானமே பெரிதும் தேவை.

சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்பதன் புகழ் பெரிது. அதனாலேயே மயக்கமும் பெரிது. இதனைப் பெற, 8 பாடப்பகுதிகளுள் இரண்டிலேனும் ஊதியத்துடன் 5 ஆண்டுகள் பணியாற்றியிருத்தல் வேண்டும். கணிப்பொறியியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற தொடர்புடைய துறையில் பட்டம் உடையவர்க்கு ஓராண்டு கழித்துக்கொள்ளப்படும். அனுபவமின்றித் தேர்வில் வென்றவர் ‘அசோசியேட்’ என்றே வழங்கப்படுவர். முழுச் சான்றிதழுக்குரிய அனுபவத்தைத் தேட அவருக்கு 6 ஆண்டுகள் தவணை உண்டு. சி.ஐ.எஸ்.ஏ.வுக்கும் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். கல்வி முதலியவற்றுக்காக அதில் 3 ஆண்டுகள் வரை தள்ளுபடி கிடைக்கும். இவ்விதிகளைச் சொல்லாமல், புதிய பட்டதாரிகளிடம் பெருந்தொகை கேட்கும் பயிற்சிக்கூடங்கள் உண்டு. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன், தேர்வை நடத்தும் அமைப்பே வெளியிட்டுள்ள தகுதி விதிகளைப் பெற்றோர் பிள்ளைகளுடன் அமர்ந்து படித்துப் பார்ப்பாராக.

ஆயத்தம் செய்யும் முறையும் கருதத்தக்கது. பாடத்திட்டத்தை முதலில் எடுத்து, அறிந்தது, அரைகுறையாய் அறிந்தது, அறியாதது எனப் பிரித்தல் நலம். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் இடையறாது படிப்பவர், விடுமுறை நாளில் மட்டும் பத்து மணி நேரம் படிப்பவரினும் முன் செல்வர். மாதிரி வினாவில் தவறு நேர்ந்தால், சரியான விடையைக் குறித்துக்கொண்டு நின்றுவிடாமல், மற்ற விடைகள் ஏன் பொருந்தவில்லை என்று எழுதிப் பார்த்தல் வேண்டும். களவாக வெளிவந்த வினாத்தொகுப்புகளை விலைக்கு வாங்குவது தேர்வு விதிகளுக்கு மாறானது. பெற்ற சான்றிதழையும் இழக்க நேரும். நேர்மையைக் காக்கும் தொழிலுக்குக் களவு வழியே நுழைவது எவ்வாறு பொருந்தும்?

கைப்பயிற்சி முழுவதும் சொந்தக் கணிப்பொறியிலோ, பயிற்சிக்கென அமைத்த தளங்களிலோ நிகழ்தல் வேண்டும். உரியவர் அனுமதியின்றிப் பிறர் கணிப்பொறியுள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்குரியது. வஞ்சக நோக்குடன் செய்யின், 66ஆம் பிரிவு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடந்தருகிறது. விளையாட்டாகச் செய்தேன் என்பது விடையாகாது.

செலவு தேர்வுக் கட்டணத்தோடு முடிவதுமன்று. பல கட்டணங்கள் டாலர் கணக்கில் அமைந்தவை. சி.ஐ.எஸ்.எஸ்.பி. பெற்றவர் ஆண்டுதோறும் சந்தா கட்டுவதோடு, 3 ஆண்டுகளில் 120 தொடர்கல்வி மதிப்பெண்களும் சேர்த்தல் வேண்டும். பணியிலிருப்போர், தம் அலுவலகம் இச்செலவை ஏற்குமா என்று கேட்டறிதல் தக்கது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதினான் என்பதற்காக நம் பிள்ளையும் எழுத வேண்டுவதில்லை. செய்த தொழிலுக்கோ, அடுத்துச் செய்யவிருக்கும் தொழிலுக்கோ பொருந்தும் ஒன்றைத் தேர்ந்து, அதனை முற்றக் கற்பதே சிறப்பு. இத்துறையில் முதிர்ந்த அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்கள் திங்களுக்கு ஒரு மாலைப்பொழுதேனும் இளைஞர்களுக்கு வழி கூற முன்வருவாராயின், பல இல்லங்களின் பொருளும் காலமும் காக்கப்படும். ஆவன செய்வோமாக!