ரீல் பெட்டியில் யாருடைய பெயர்?

காரைக்காலில் அரசலாறு கடலில் விழும் இடத்தில், வெயில் தாழ்ந்த பிறகு கரையோரம் நின்றால் இரண்டு தலைமுறைத் தூண்டில்காரர்களைப் பார்க்கலாம். பெரியவர்கள் கட்டையில் சுற்றிய தங்கூசியைக் கையாலேயே வீசுகிறார்கள். பையன்கள் கையில் ராடும் ஜப்பான் ரீலும். அதிலும் இப்போது எல்லோரும் கேட்பது பெயிட்காஸ்டிங் ரீல். ராடின் மேல்புறத்தில் உட்காரும், வீசும்போது உருளை தானே சுழலும், கட்டைவிரலால் நூலை அடக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிடிபட்டால் குறி வைத்த இடத்தில் லூர் என்ற செயற்கை இரையைப் போடலாம். பிடிபடாவிட்டால் நூல் சிக்கை எடுப்பதிலேயே மாலை போய்விடும்.

இந்த ரீல்கள் வளர்ந்த கதை பாஸ் மீனோடு சேர்ந்தது. அமெரிக்காவின் பிளாக் பாஸை 1925இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே அது பெருகிப் பெரிய விளையாட்டாகி, உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்ததால் 2005இல் சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டிய அயல் உயிரினமும் ஆகிவிட்டது. நம் ஆற்றில் அந்த மீன் இல்லை, யாரும் கொண்டுவந்து விடவும் கூடாது. நமக்கு இருப்பது கொடுவா. ஆங்கிலத்தில் அதை ஏஷியன் சீ பாஸ் என்பார்கள். கடலில் முட்டையிட்டு, ஆற்று முகத்துவாரத்தில் வளரும் மீன். அரசலாற்றில் கொடுவாவுக்கும், நாட்டாறு, வாஞ்சியாறு, வாய்க்கால்களில் விராலுக்கும் பாஸ் ரீல்தான் பொருத்தம் என்று கேள்விப்பட்டு, பத்தாயிரம், இருபதாயிரம் என்று கொடுத்து வாங்குகிறார்கள். ஒரு மாதச் சம்பளத்தையே போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அப்படி ஒன்று வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்கும் ஒருவரிடம், கைப்பேசியில் படம் பார்த்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினேன். பொருள் அசல்தான். மூன்றாம் மாதம் உள்ளே கரகரவென்று சத்தம் வந்தது. பழுது பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனபோது, இது ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கான மாடல், இதற்கு இங்கே வாரன்டியும் கிடையாது, உதிரி பாகமும் கிடையாது என்றார்கள். விற்றவரைக் கூப்பிட்டேன். எண் அணைந்திருந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பளபளவென்ற அட்டையில் நாலு பக்கமும் ஜப்பானிய எழுத்து. இந்தியாவில் யார் இறக்குமதி செய்தார், எந்த ஊர், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று ஒரு வரி இல்லை. வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டிய வரி அது.

சட்டம் அந்த வரியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, இங்கே விற்கப்படும் இறக்குமதிப் பொட்டலத்தில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் தயாரானது என்பதும், தயாரான மாதமும் வருடமும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலையும், புகாருக்கான தொடர்பும் இருக்க வேண்டும். பெரும்பாலும் இது பெட்டியின் பின்பக்கம் ஒட்டிய சிறிய வெள்ளை ஸ்டிக்கராக இருக்கும். இணையத்தில் விற்றாலும் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பொருளின் பக்கத்திலேயே காட்ட வேண்டும். ஸ்டிக்கர் இருந்தால் இந்தியாவில் நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரி உங்கள் கையில் இருக்கிறது. இல்லையென்றால், ரீல் எவ்வளவு அசலாக இருந்தாலும், அது கெட்டுப்போன நாளில் நீங்கள் தனி ஆள்.

‘எந்த நாடு’ என்ற வரியையும் நிதானமாகப் படியுங்கள். ஷிமானோ 1921இல் ஒசாகாவை ஒட்டிய சகாய் நகரில் தொடங்கிய நிறுவனம். டாய்வாவும் ஜப்பான் பெயர்தான், அதன் தாய் நிறுவனம் இன்று குளோபரைடு. ஆனால் இவர்களுடைய ரீல் எல்லாமே ஜப்பானில் செய்யப்படுவதில்லை. ஷிமானோவுக்கு மலேசியாவிலும் டாய்வாவுக்குத் தாய்லாந்து, வியட்நாமிலும் ஆலைகள் உண்டு. அங்கே செய்ததால் ரீல் மட்டமில்லை, நடுத்தர விலை ரீல்களில் பல அப்படித்தான் வருகின்றன. ஆனால் மலேசியாவில் செய்ததை ‘மேட் இன் ஜப்பான்’ என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கினால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது நேர்மையற்ற வணிகம், அதன்மேல் புகார் கொடுக்கலாம்.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. இதையும் உரிமையோடு சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. குறை உள்ள பொருளுக்கும், நாம் தவறாகத் தேர்ந்த பொருளுக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. அதிகம் நடக்கும் தவறு கைப்பிடி. இன்னொரு வகையான ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். பெயிட்காஸ்டிங்கில் அது முடியாது. வலம் வலம்தான், இடம் இடம்தான். ஷிமானோவில் மாடல் எண் 150 என்று முடிந்தால் வலக்கை, 151 என்றால் இடக்கை. டாய்வாவில் எண்ணுக்குப் பின்னால் ‘எல்’ எழுத்து இருந்தால் இடக்கை. நீங்களே 151ஐ ஆர்டர் செய்துவிட்டு வலக்கை ரீல் வரவில்லை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் நிற்காது. 150 கேட்டு 151 வந்தால் அது விற்பவர் பொறுப்பு, திரும்ப வாங்கிக்கொண்டே ஆக வேண்டும்.

அடுத்தது உப்பு. காரைக்காலில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். பாஸ் ஏரி மீன். பாஸுக்காகச் செய்த ரீல்களில் சில நன்னீருக்கு மட்டுமே. எடை குறைய வேண்டும் என்று மெக்னீசியம் உடல் வைத்த ரீல்கள் உண்டு. பூச்சு ஒரு கீறல் விட்டால் உப்புத் தண்ணீர் அந்த உலோகத்தை வேகமாக அரிக்கும். முகத்துவாரத்தில் ஏற்றம் வரும்போது நிற்பது பாதி கடல்நீர். நன்னீர் ரீலை அங்கே கொண்டுபோய்த் துருப்பிடித்தால், ‘தவறான பயன்பாடு’ என்று வாரன்டியை மறுக்க விற்பவருக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அதனால் வாங்கும் முன்பே, “அரசலாறு முகத்துவாரத்தில் கொடுவா பிடிக்க வேண்டும், கடல்நீருக்கு ஆகுமா?” என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் போதும். “ஆகும்” என்று பதில் வந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள். அதை நம்பித்தான் வாங்கினேன் என்று பிறகு காட்டலாம். வாயால் சொன்னதை நிரூபிக்க வழியில்லை.

நூல் சிக்காமல் உருளையை அடக்கும் பிரேக் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காந்தம், மையவிலக்கு விசை, மின்னணு என்று மூன்று வகை. ஷிமானோவின் ‘டிசி’ மின்னணு வகை, பேட்டரி கிடையாது, உருளை சுழலும் விசையிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் கடற்காற்றை எதிர்த்து வீசுகிறவர்களுக்கும் நூல் சிக்கு குறையும். ஆனால் அந்த மின்னணுப் பகுதி கெட்டால் இங்கே சாதாரண மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. டிசி வாங்குகிறவர்கள் இந்தியாவில் வாரன்டி தரும் இறக்குமதியாளரிடம் மட்டும் வாங்குங்கள். ஐந்தாறாயிரம் கூடுதலானாலும் பரவாயில்லை.

அப்படியானால் அதிகாரப்பூர்வ இறக்குமதியாளர் அல்லாதவர் விற்பது சட்ட விரோதமா? பலர் கேட்கிறார்கள். அசல் பொருளை வெளிநாட்டில் வாங்கி, வரி கட்டி இங்கே கொண்டுவந்து விற்பதை 2012இல் டெல்லி உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் சாம்சங் தொடர்பான ஒரு வழக்கில் அனுமதித்தது. கூடவே நிபந்தனையும் போட்டது: இது இறக்குமதி செய்த பொருள், தயாரிப்பாளரின் வாரன்டி இதற்கு இல்லை, பொறுப்பு எங்களுடையது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும். அந்த வழக்கு பிரிண்டர் பற்றியது. ஆனாலும் ரீல் வாங்கும் நமக்கு அதிலிருந்து ஒரு கேள்வி கிடைக்கிறது. “வாரன்டி உண்டு” என்பவரிடம், யாருடைய வாரன்டி, எத்தனை மாதம், எங்கே பழுது பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

காரைக்காலுக்கே உரிய இன்னொரு வழி உறவினர்கள். பிரான்ஸிலோ சிங்கப்பூரிலோ அண்ணனோ மாமாவோ இல்லாத தெரு இங்கே குறைவு. ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவரச் சொல்வதில் தவறில்லை. பயணிகளுக்கு வரியில்லா வரம்பு உண்டு. 2016ஆம் ஆண்டின் பேக்கேஜ் விதிகளில் அது 50,000 ரூபாயாக இருந்தது. இந்த எண் மாறக்கூடியது, வருகிறவர் கிளம்பும் முன் சுங்கத்துறை இணையதளத்தைப் பார்க்கட்டும். கடைப் பில்லும் கையில் இருக்கட்டும். கூரியரில் அனுப்பச் சொன்னால் கணக்கு வேறு. பொருளின் விலை, அனுப்பும் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்த மதிப்பில் வரி போடுவார்கள். இங்கேதான் சில விற்பனையாளர்கள் “கிஃப்ட் என்று போட்டு, விலையைக் குறைத்து எழுதி அனுப்புகிறேன்” என்று ஆசை காட்டுகிறார்கள். பரிசு என்ற பெயரில் தபாலிலும் கூரியரிலும் வரி இல்லாமல் வருவதை 2019 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும்தான் விலக்கு. பொய் மதிப்பு எழுதியது தெரிந்தால் பார்சல் பறிமுதலாகலாம், அபராதமும் வரலாம். பார்சலில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் ஆதாரும், விற்றவருடையது அல்ல.

பார்சலை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது வரும் தொலைபேசிக்கும் பயப்பட வேண்டும். “சுங்கத்துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் பார்சலில் பிரச்சினை, உடனே இந்தக் கணக்குக்குப் பணம் போடுங்கள், இல்லாவிட்டால் கைது.” சுங்கத்துறை எந்தத் தனிநபர் கணக்குக்கும் பணம் கேட்காது. அவர்கள் அனுப்பும் கடிதத்தில் ‘டின்’ என்ற ஆவண அடையாள எண் இருக்கும், மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரிய இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால், அதேபோல் பாதி விலை ரீல் என்று காட்டி ஏமாற்றிய போலிப் பக்கத்துக்கு யுபிஐயில் அனுப்பிவிட்டால், அன்றே 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கினால்தான் மீட்க முடியும். அவமானம் என்று நினைத்து மூன்று நாள் வீட்டில் சொல்லாமல் இருந்தவர்களுக்குப் பணம் திரும்பியது அரிது.

பில்லுக்கு வருகிறேன். பெட்ரோல் இங்கே மலிவு என்று நாகப்பட்டினத்திலிருந்து வண்டி கட்டி வருவது போல, ‘காரைக்கால் விலை’ என்று ரீலுக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. பெட்ரோல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அந்த வித்தியாசம். ரீல் ஜிஎஸ்டிக்குள், வரி எங்கும் ஒன்றுதான். மலிவாக இருக்கிறதென்றால் பில் இல்லாமல் விற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கேட்டும் பில் தராதது, 2019 சட்டப்படி நேர்மையற்ற வணிகம். பில்லில் விற்பவரின் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு எண் மாநிலம்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பெயர் வந்துவிடும். ஆர்டர் செய்யும்போது உங்கள் முகவரியில் ‘புதுச்சேரி’ என்று சரியாக விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம்மைச் சுற்றி எல்லாம் தமிழ்நாடு என்பதால் பல தளங்களில் தமிழ்நாடு என்று பதிவாகிவிடுகிறது. பிறகு புகார் கொடுக்கும்போது வீணான இடைஞ்சல்.

ரீல் குறையோடு வந்தால் என்ன செய்வது? பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், ஸ்டிக்கரும் வரிசை எண்ணும் தெரியட்டும். முதலில் விற்பவருக்கு எழுத்தில். இணையதளத்தில் வாங்கியிருந்தால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிப்படி குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். குறையுள்ளதையும் போலியையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததையும் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருந்தாலும் அப்படித்தான். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பெட்டியில் இறக்குமதியாளர் விவரமே இல்லாவிட்டால் சட்டமுறை எடையளவுத் துறைக்கும் ஒரு மனு போடுங்கள்.

அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். நம்மைப் போன்ற சின்ன ஊர்க்காரருக்கு 2019 சட்டம் செய்த பெரிய நன்மை, வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. முன்பெல்லாம் கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியிருந்தது. ரீல் விற்றவர் சென்னையில் இருக்கட்டும், மும்பையில் இருக்கட்டும், காரைக்காலுக்குரிய ஆணையத்துக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். தீர்ப்புக்கு மூன்று மாதம், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்கிறது சட்டம். நடப்பில் நீளும். ஆனால் நோட்டீஸ் போனதுமே பணத்தைத் திருப்பித் தருகிற விற்பனையாளர்கள் நிறைய.

வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்கியிருந்தால் இதில் பாதி வேலை செய்யாது. இந்தியர்களுக்குத் தொடர்ந்து விற்கும் அயல்நாட்டுத் தளங்களுக்கும் மின்வணிக விதிகள் பொருந்தும் என்று எழுதியிருக்கிறது, ஆனால் ஒசாகாவில் இருக்கும் கடைக்காரரை இங்கே வரவழைப்பது யார்? அங்கே உங்களுக்கு மிஞ்சும் ஆயுதம், கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’, அதாவது கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பது. அதற்கும் காலக்கெடு உண்டு, பொருள் வராத வாரமே எழுதிக் கொடுங்கள்.

அந்தக் கரகரத்த ரீலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வாங்கியது ஒன்று, பெட்டியின் பின்னால் வெள்ளை ஸ்டிக்கர் இருக்கிறது, பில்லோடு சேர்த்து அலமாரியில். ஒவ்வொரு மாலையும் முகத்துவாரத்திலிருந்து வந்ததும் டிராக்கை இறுக்கி, குழாய் நீரை மெல்லத் திறந்து உப்புப் போகக் கழுவி, நிழலில் காயவைத்து, அதன் பிறகுதான் சாப்பிட உட்காருகிறேன்.