பாலில் கரைத்த வெயில்

மங்கோலியர்கள் தங்கள் தேசத்தை நீல வானத்து நாடு என்பார்கள். ஆண்டில் 250 நாட்களுக்கு மேல் அங்கே பளீரென்று வெயில் அடிக்கும். ஆனால் ஜனவரி வந்தால் தலைநகர் உலான்பாதரில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கிவிடும். முகம் தவிர உடம்பு முழுவதும் கம்பளிக்குள் போய்விடும். வெளியே வெயில் இருந்தும் தோலில் அவ்வளவாகப் படாது. பட்டாலும், சாய்ந்து விழும் அந்தக் குளிர்காலக் கதிரில் வைட்டமின் டியை உண்டாக்கும் சத்து இல்லை.

அந்த நகரத்தின் பள்ளிப் பிள்ளைகள் 247 பேரிடம் 2009 ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு சோதனை நடந்தது. தொடங்கும்போது அவர்கள் ரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 7 நானோகிராம் அளவில்தான் இருந்தது. 20க்குக் கீழே போனாலே குறைபாடு என்பது மருத்துவக் கணக்கு. ஒரு பிரிவினருக்குச் சாதாரணப் பால் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குத் தினமும் 300 யூனிட் வைட்டமின் டி கலந்த பால். மூன்று மாதம் கழித்து, எத்தனை முறை சளி, இருமல் வந்தது என்று பெற்றோரிடம் விசாரித்தபோது, வைட்டமின் பால் குடித்த பிள்ளைகளுக்கு அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

ஏன் குறைய வேண்டும்?

வெயிலில் உள்ள புற ஊதா ‘பி’ கதிர் தோலில் படும்போது, அங்கிருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டியாக மாறுகிறது. ஈரலும் சிறுநீரகமும் அதை உடம்புக்கு உதவும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. இது எலும்புக்கான சத்து என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2006இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் இன்னொரு வேலையையும் கண்டுபிடித்தார்கள். கிருமியை விழுங்கும் நம் ரத்த அணுக்கள், வைட்டமின் டி போதுமான அளவு இருந்தால், கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் சுரக்கின்றன. காசநோய்க் கிருமியையும் அது தாக்குகிறது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் ஆளுக்கொரு மாத்திரை போதும். ஆனால் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 322 பேரில் பாதிப் பேருக்கு முதல் இரண்டு மாதம் இரண்டு லட்சம் யூனிட் வீதமும் பிறகு மாதம் ஒரு லட்சம் வீதமும், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும், மொத்தம் பதினெட்டு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 3.7 முறை சளி பிடித்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 3.8 முறை. இவர்கள் உலான்பாதர் பிள்ளைகளைப் போலக் காய்ந்து கிடந்தவர்கள் அல்லர். ரத்தத்தில் சராசரியாக 29 நானோகிராம் வைத்திருந்த ஆரோக்கியமான பெரியவர்கள்.

உலான்பாதரிலேயே இரண்டாவது சோதனையும் நடந்தது. 8,851 பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டுகள் வாரந்தோறும் 14,000 யூனிட் அல்லது வெற்று மாத்திரை. காசநோய்க் கிருமி தொற்றியவர்கள் முதல் பிரிவில் 3.6 சதவீதம், இரண்டாவது பிரிவில் 3.3 சதவீதம். 2020இல் இந்த முடிவு வெளியானது. சோதனைக் குழாயில் கிருமியைக் கொன்றது, வகுப்பறையில் தொற்றைத் தடுக்கவில்லை.

சளி, இருமல் பற்றி உலகம் முழுக்க நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்களின் கணக்கும் கடைசியில் இதே பக்கம்தான் சாய்ந்தது. 2017இல் 25 சோதனைகளைத் தொகுத்தபோது சுவாசத் தொற்று சற்றுக் குறைவதாகத் தெரிந்தது. கடும் குறைபாடு உள்ளவர்களுக்குப் பலன் அதிகம். தினமும் அல்லது வாரம் ஒருமுறை சிறிய அளவில் சாப்பிட்டவர்களுக்கே பலன். மொத்தமாக விழுங்கியவர்களுக்கு இல்லை. 2025இல் 46 சோதனைகள், 64,086 பேர் என்று கணக்கு பெருகியபோது, அந்தச் சிறு பலனும் தற்செயல் என்று ஒதுக்கத்தக்க அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அப்படியானால் வெயிலா, மாத்திரையா?

வெயிலுக்கு ஒரு பெரிய சிறப்பு உண்டு. போதுமான அளவு உருவானதும், மிச்சத்தைத் தோலே சிதைத்துவிடும். வெயிலால் வைட்டமின் டி நஞ்சாவதில்லை. ஆனால் ‘காலை இளவெயில் போதும்’ என்ற நம் நம்பிக்கை பிசகானது. திருப்பதியில் நடந்த ஆய்வில், முற்பகல் 11 முதல் பிற்பகல் 2 மணி வரையிலான வெயிலில்தான் வைட்டமின் டி நன்றாக உருவானது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் உதவாது. கருத்த தோலுக்குக் கூடுதல் நேரம் தேவை. அதற்காகச் சித்திரை உச்சி வெயிலில் நிற்கச் சொல்வது ஆபத்து. முகத்திலும் கைகளிலும் வெயில் படும்படி சிறிது நேரம் நடக்கலாம். மத்தி மீன், முட்டை மஞ்சள் கரு, வைட்டமின் சேர்த்த பால், சமையல் எண்ணெய் ஆகியவையும் கைகொடுக்கும்.

லண்டன், டொராண்டோ தமிழர்களின் நிலை வேறு. அங்கே குளிர்கால வெயிலில் அந்தக் கதிர் போதாது. அதனால் பிரிட்டன் அரசு, இலையுதிர், குளிர் காலங்களில் எல்லோரும் தினமும் 400 யூனிட் எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கச் சொல்கிறது; தெற்காசிய வம்சாவளியினர் ஆண்டு முழுவதும். அதுவும் எலும்புக்காகவும் தசைக்காகவுமே, சளிக்காக அல்ல.

நம் ஊர் மருந்துக் கடைகளில் 60,000 யூனிட் பொடிப் பாக்கெட் எளிதாகக் கிடைக்கிறது. குறைபாடு உறுதியானவர்கள் மருத்துவர் சொல்லும் சில வாரங்களுக்கு மட்டும் சாப்பிட வேண்டியது அது. சளிக்குப் பயந்து மாதக்கணக்கில் தாமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, சிறுநீரகக் கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். பெரியவர்களுக்குத் தினசரி உச்சவரம்பு 4,000 யூனிட்.

வீட்டை விட்டு வெளியே வராத முதியவர்கள், உடல் முழுவதும் மூடும் உடை அணிகிறவர்கள், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகள், ஈரல் அல்லது சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்குக் குறைபாடு இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பாக்கெட் வாங்கும் முன் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ரத்தப் பரிசோதனை தேவையா, எவ்வளவு, எத்தனை வாரம் என்பதை அவர் சொல்லட்டும்.