உங்களுக்குத் தெரியுமா? மலையகப் பெண்களும் ‘அரைப்பேரும்’
இலங்கைப் பெருந்தோட்டங்களில் கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்களேயாயினும், ஆண்களுக்கு நிகரான நாட்கூலி அவர்களுக்கு 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே கிடைத்தது. இது மிகக் காலங்கடந்த நீதியாகும். எனினும், குறித்த கிலோ அளவை எட்டாத நாளில் ‘அரைப்பேர்’, அதாவது அரைநாள் கூலி மட்டுமே பதியப்படும் வழக்கம், மலையில் நிற்கும் பெண்களையே பெரிதும் தாக்குகிறது. லயம் எனப்படும் வரிசை வீட்டில் விடியுமுன் அடுப்பு மூட்டிச் சமைத்து, கைக்குழந்தையைத் தோட்டக் காப்பகமாகிய ‘பிள்ளைக் காம்பரா’வில் ஒப்படைத்துவிட்டு மலையேறும் அவர்களது வீட்டுழைப்பு, நாட்கூலியைக் கணக்கிடும் செக்ரோலில் ஏறுவதில்லை, அவர்களை மேற்பார்வையிடும் கங்காணிகளோ இன்றும் பெரும்பாலும் ஆண்களே.