கார் கொட்டகையில் ஓர் உடற்பயிற்சிக் கூடம்

தனி வீட்டின் கார் கொட்டகையில் எடைப் பயிற்சி செய்ய விரும்புவோர், கடைக்குச் செல்லுமுன் அளவு நாடாவைக் கையில் எடுத்தல் நன்று. ஆடவர் போட்டிகளில் பயன்படும் பார்பெல்லின் நீளம் 2.2 மீட்டர், தட்டுகள் இல்லாமலே 20 கிலோ. இருபுறமும் தட்டுகளை மாட்டிக் கழற்ற ஆள் நிற்கவும் இடம் வேண்டும். கார் நிற்கையில் அவ்வளவு அகலம் எஞ்சுவது அரிது. எடையை மாற்றிக்கொள்ளத்தக்க இரண்டு டம்பெல்களும் ஒரு மடக்குப் பெஞ்சும் சுவரோரம் ஒடுங்கிவிடும். தொடக்கத்திற்கு இவையே போதும் என்பது நமது கருத்து. பெரிய கருவியைத் தவணையில் வாங்கி, அதன்மேல் துணி உலர்த்தும் வீடுகளும் உண்டு.

சுவரில் பொருத்தி மடக்கும் ரேக்கை விரும்புவோர், ரேக்கைவிடச் சுவரையே நன்கு ஆராய வேண்டும். கான்கிரீட் தூணில் போல்ட் உறுதியாகப் பிடிக்கும். உள்ளீடற்ற கட்டைகளிலும், இப்போது பரவலாகிவிட்ட எடை குறைந்த ஏஏசி கட்டைகளிலும் சாதாரண போல்ட் தளர்ந்துவிடக்கூடும். கழுத்துக்கு மேல் எடை இருக்கும் நேரத்தில் அது நிகழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே துளையிடுமுன் கட்டடப் பொறியாளரிடம் சுவரைக் காட்டிவிடுங்கள். கதவை மூடிக்கொண்டு பயிற்சி செய்கையில் கார் எஞ்சினை இயக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.