உழைக்கும் ஊர்கள் – 9: பட்டறை வளர்த்த கோவை

இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் மான்செஸ்டரைப் பஞ்சாலை நகரம் என்று உலகம் அறியும். தமிழ்நாட்டில் அதன் பெயரை அடைமொழியாகச் சுமக்கும் ஊர் கோயம்புத்தூர். ஆலைகளைப் பார்த்து வைத்த பெயர் அது. ஆனால் கோவையின் குணத்தை அறிய வேண்டுமானால் ஆலையைத் தாண்டிப் பட்டறைக்குள் நுழைய வேண்டும்.

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் அங்கே நூற்பாலை தொடங்கினார். சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் மண். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் நூல் எளிதில் அறாது. 1932இல் நீலகிரியின் பைக்காராவில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் ஆலைகள் மளமளவென்று பெருகின. ஆலை பெருகினால் கதிர் தேயும், பல்சக்கரம் உடையும். உதிரிப்பாகம் சீமையிலிருந்து கப்பலில் வரும்வரை ஆலையை மூடிவைக்க முடியுமா? உள்ளூரிலேயே வார்த்தார்கள், கடைந்தார்கள், பொருத்திப் பார்த்தார்கள். பழுது பார்த்த கை மெல்ல மெல்ல இயந்திரம் செய்யும் கையாயிற்று.

அந்தக் கைக்கு ஒரு முகம் உண்டென்றால் அது ஜி.டி. நாயுடுவின் முகம். கலங்கல் என்ற சிற்றூரில் 1893இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அவரை ஆட்டிவைத்தது. கோவையில் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. முழுவதையும் கழற்றிப் போட்டுத் திரும்பப் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டினார். 1937இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டாரை வெளிக்கொணர்ந்தார்கள். கிணற்று நீரை வயலுக்கு இறைக்கும் பம்புசெட்டுத் தொழில் கோவையில் வேர்விட்டது அதன் பிறகுதான். 1955இல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லோடு மோட்டாரைப் பூட்டி கிரைண்டர் செய்தார். யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் தோசைமா அரைபடுவது அந்த வழியில்தான்.

பீளமேட்டில் நான்கு சகோதரர்கள் 1926இல் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்கு போட்டார்கள். ஐந்தாவது பங்கு அறத்துக்கு. பி.எஸ்.ஜி. கல்வி நிறுவனங்கள் அந்தப் பங்கில் எழுந்தவை. அங்கே முதலில் அமைந்தவற்றில் ஒன்று தொழிற்பயிற்சிக் கூடம்.

முதலாளிகளின் கதையோடு நிறுத்தினால் அது பாதிக் கோவைதான். ரங்கவிலாஸ் மில்லின் தொழிற்சங்கப் போராட்டத்தில் நின்ற சின்னியம்பாளையத்துத் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் ஒரு கொலை வழக்கில் 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த நாளில் சின்னியம்பாளையத்தில் இன்றும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள்.

நெடுங்கேணிச் சந்தியில் இருந்து இதை வாசிப்பவருக்குப் பொருளாதாரத் தடைக் காலம் நினைவுக்கு வராமல் இராது. 90களில் வன்னிக்குப் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை முழங்கவைத்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவிட்டார்கள் நம் மெக்கானிக்குகள். சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுழற்ற, டைனமோவில் றேடியோ செய்தி சொன்னது. ரட்ஜைக் கழற்றிப் பூட்டிய கைக்கு இந்தக் கைகள் எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல.

குறைந்தது வேறு. ஆனையிறவு உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1985இல் நின்றுபோனது. கோவையின் கைக்கு மின்சாரமும் மூலதனமும் பயிற்சிக் கூடமும் அடுத்தடுத்துக் கிடைத்தன. வன்னியின் கைக்குக் கிடைத்தது இடப்பெயர்வு.

புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் கோபுரங்கள் உயர்கின்றன, மண்டபங்கள் எழுகின்றன. அவை எழட்டும். பீளமேட்டுச் சகோதரர்களைப் போல் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்து, நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் லேத்தும் வெல்டிங்கும் கற்றுத்தரும் கூடங்களைத் தொடங்குங்கள். மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய அந்த மெக்கானிக்குகளையே ஆசிரியர்களாய் அமர்த்துங்கள், அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.