கட்டத்திற்கும் ஒரு பெயர் வேண்டும்

புணே நகரின் ஹடப்சர் பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மகர்பட்டாவில் மென்பொருள் பணியிலிருக்கும் மகனும், பார்வை குன்றிய தாயாரும் ஓர் இணையப் படிவத்தைத் தத்தம் கைபேசியில் திறக்கின்றனர். தாயாரின் திரைவாசிப்பு மென்பொருள் ஒவ்வொரு கட்டத்திலும் 'திருத்தும் பெட்டி' என்று மட்டுமே சொல்கிறது. அதில் பெயரை எழுதுவதா, பிறந்த தேதியை எழுதுவதா என்பது அவருக்குத் தெரியவில்லை. மகனுக்குக் கண்பார்வையில் குறையில்லை. ஆயினும் தானாக நிரப்பும் வசதி, 411028 என்ற அஞ்சல் குறியீடு வரவேண்டிய இடத்தில் கைபேசி எண்ணை இட்டுவிடுகிறது.

இவ்விரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றே. அந்தக் கட்டங்கள் எதற்காக உள்ளன என்பது கணினிக்குச் சொல்லப்படவில்லை.

கண்ணுக்குத் தெரிவதும் கணினிக்குத் தெரிவதும்

கட்டத்தின் அருகே 'பெயர்' என்று அச்சிட்டிருந்தால் நமக்குப் புரிந்துவிடுகிறது. கணினிக்கு அந்தச் சொல்லும் கட்டமும் தனித்தனிப் பொருள்கள். இரண்டையும் இணைப்பதற்கு எச்.டி.எம்.எல். மொழியில் 'லேபிள்' என்ற குறி உண்டு. திரைவாசிப்பு மென்பொருள் அந்த இணைப்பைக் கொண்டே கட்டத்தின் பெயரைச் சொல்கிறது. 'ஆட்டோகம்ப்ளீட்' என்பது மற்றொரு குறி. இது முழுப்பெயர், இது தொலைபேசி எண், இது அஞ்சல் குறியீடு, இது ஒருமுறைக் கடவுச்சொல் என்று உலாவிக்கு அறிவிப்பது அதுவே. அக்குறி இல்லாத இடத்தில் உலாவி ஊகித்தே நிரப்புகிறது; ஊகம் தவறும்போது எண்கள் இடம் மாறுகின்றன.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018 ஜூன் மாதம் வெளியிட்ட 2.1 பதிப்பு அணுகல் நெறிமுறைகள், பயனரைப் பற்றிய விவரங்களைக் கேட்கும் கட்டங்களின் நோக்கத்தைக் கணினி அறியும்படி குறிக்க வேண்டும் என்று வகுத்தன. கை நடுக்கம் உடையோருக்கும், நினைவாற்றல் குறைந்தோருக்கும், எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்ய இயலாதோருக்கும் தானாக நிரம்பும் ஒவ்வொரு கட்டமும் ஒரு சுமை குறைந்ததற்கு ஒப்பாகும்.

குடும்பப் பெயர் இல்லாதவர்கள்

தமிழர்களுக்குரிய சிக்கல் ஒன்றும் இங்கு உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். பான் அட்டை விண்ணப்பம் முதலெழுத்தை மட்டும் ஏற்பதில்லை என்பதால், தந்தையின் முழுப்பெயர் அங்கே குடும்பப் பெயராகிவிடுவது வழக்கம். கணக்குப் புத்தகத்திலோ முதலெழுத்தே இருக்கும். தானாக நிரம்பிய பெயரை அப்படியே சமர்ப்பித்தால் ஆவணங்களுக்கிடையே முரண்பாடு தோன்றலாம். முழுப்பெயருக்கு ஒரே கட்டம் தரும் படிவமே நமக்கு ஏற்றது. இரண்டு கட்டங்கள் இருந்தால், உரிய ஆவணத்தில் உள்ளபடி சரிபார்த்த பின்னரே சமர்ப்பிக்க வேண்டும்.

உரிமை என்றது உச்ச நீதிமன்றம்

2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு அளித்த தீர்ப்பு இத்துறையில் முக்கியமானது. அமில வீச்சுக்கு ஆளானோரும் பார்வையற்றோரும் இணையவழி வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பை நிறைவு செய்ய முடியாமல் தவிப்பதே வழக்கின் பொருள். கண் சிமிட்டினால்தான் உயிருள்ளவர் என்று ஏற்கும் முறை, சிமிட்ட இயலாதோரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறிய நீதிமன்றம், 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டலுக்கு மாற்றுவழி, அணுகல்தன்மைத் தணிக்கை, சோதனைக் கட்டத்தில் பார்வையற்றோரின் பங்கேற்பு ஆகியவை அவற்றுள் அடங்கும்.

நாமே சோதித்துப் பார்க்கலாம்

ஒரு படிவம் முறையாக அமைந்துள்ளதா என்பதை அறிய எளிய வழி உண்டு. கட்டத்தை விட்டுவிட்டு, அருகிலுள்ள 'பெயர்' என்ற சொல்லைத் தொடுங்கள். எழுதும் குறி கட்டத்திற்குள் வந்து நின்றால் இரண்டும் இணைக்கப்பட்டுள்ளன என்று பொருள். ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஆகிய வசதிகளை இயக்கிக் காதால் கேட்டும் அறியலாம்.

பாதுகாப்பிற்கும் இதில் ஒரு பயன் உண்டு. உலாவியில் சேமித்த கடவுச்சொல், சேமித்த அதே இணைய முகவரியில்தான் தானாக நிரம்பும். வழக்கமாக நிரம்பும் கட்டம் ஒருநாள் வெறுமையாக நின்றால், உடனே தட்டச்சு செய்யாமல் முகவரியை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அது போலித் தளமாக இருக்கலாம். பொதுக் கணினிகளில் எதையும் சேமிக்க வேண்டாம். ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் பகிர வேண்டாம்.

எந்தப் படிவத்திலேனும் ஒரு கட்டம் உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ தடையாக இருப்பின், எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்பதைக் குறிப்பிட்டுக் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். 'படிவம் சரியில்லை' என்ற பொதுவான புகாரைவிட, 'பிறந்த தேதிக் கட்டத்தின் பெயர் வாசிக்கப்படவில்லை' என்ற ஒரு வரி விரைவில் பலன் தரும்.