வீட்டுக்குள் நாய் ‘அசிங்கம்’ பண்ணினால்? அடித்தால் திருந்தாது!

கோவில்பட்டி வட்டாரத்தில் நாய்க்கு ஒரு தனி மரியாதை உண்டு. சிப்பிப்பாறை, கன்னி இரண்டுமே இந்தக் கரிசல் சீமையின் சொந்தச் சரக்கு. 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி ரேடியோவில் பேசியபோதுகூட, ராஜபாளையம், கோம்பையோடு இவற்றின் பெயரையும் சொன்னார்.

காட்டிலும் களத்திலும் ஓடித் திரிந்த சாதி இது. தொழுவில் படுக்கும். தன் சோலியை வெளியே முடித்துவிட்டு வரும். இன்று அதே குட்டி டவுனில், கொல்லைப்புறமே இல்லாத வீட்டுக்குள் வளர்கிறது. வம்பு அங்கேதான்!

“காலங்காத்தால எந்திரிச்சா கால்ல ஈரம்! இந்தச் சனியனை எங்கேயாவது விட்டுட்டு வாங்க!” என்று வீட்டம்மா சத்தம் போடுகிறார். குட்டி ரோட்டுக்குப் போகிறது. ஒன்று, லாரியில் அடிபடும். இல்லையென்றால் தெருநாய்க் கூட்டத்தில் சேரும். தப்பு யாருடையது?

மூன்று நேரம்

இரண்டு மாதக் குட்டியால் சுமார் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப் போங்கள். தினமும் ஒரே இடம். வேலை முடிந்த உடனே தட்டிக் கொடுங்கள்.

அடிப்பதும், மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதும் வீண். எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. பயந்துபோய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகப் பழகும். அவ்வளவுதான்!

அரை வாளி தண்ணீர் போதும்

தண்ணீரைக் குடம் குடமாக ஊற்ற நம் ஊருக்குக் கட்டுபடியாகுமா? ஊற்றினால் ஈரம் பரவத்தான் செய்யும். முதலில், படித்து முடித்த பேப்பரைப் போட்டு ஒற்றி எடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். சமையல் சோடா தூவி, கால் மணி நேரம் கழித்துத் துடைத்தால் வாடை குறையும். வாடை மிச்சமிருந்தால் அதே இடத்துக்குத்தான் நாய் மறுபடி வரும்.

அமோனியா கலந்த திரவம் வேண்டாம். அதன் வாடையும் மூத்திர வாடை மாதிரியே! பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. விஷவாயு கிளம்பும். மூத்திர ஈரத்தின் மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதும் ஆபத்து.

டாக்டரிடம் எப்போது?

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் போனால் அது கொழுப்பு அல்ல. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை வியாதி, கிட்னி கோளாறு என்று ஏதாவது இருக்கலாம். குட்டி வாந்தி எடுத்து, ரத்தமாகக் கழிந்தால் ‘பார்வோ’ நோயாக இருக்கலாம். ஒரு நாள் தாமதமும் உயிரைப் பறிக்கும். அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள்.

நோயுள்ள நாயின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். கையில் பாலிதீன் பை மாட்டிக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குட்டிக்குத் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

குட்டிக்குக் கேட்க வாய் கிடையாது. தாழ்ப்பாளைத் திறக்கக் கையும் கிடையாது. நேரத்துக்குக் கதவைத் திறந்து விட வேண்டியவர் வீட்டுக்காரர்தான்!